வில்லனுக்கு மீசை வைக்கலாமா?

ஷ்ஷ்! சிறுவர்களுக்காக நான் எழுதிக்கொண்டிருக்கும் சதுப்புநிலச் சாகசக் கதையின் திரையை ஓரமாகத் தூக்கிக் காட்டப்போகிறேன். நாயகி ஒரு நீர்நாய்க் குட்டி. வில்லன் யாரென்று ஊகித்துக்கொண்டே வாருங்கள்.

முதல் காட்சி துவாஸ். ரயில் பாதை முடிகிற துவாஸ் லிங்க்கையும் தாண்டிக் கடலோரம் போனால் ஒரு குப்பை மாற்று நிலையம். சிங்கப்பூர் எரித்த குப்பையின் சாம்பல் இங்கே வந்து சேர்கிறது. எரித்தால் பத்துப் பங்குக் குப்பை ஒரு பங்காகச் சுருங்கும்; தேக்காவில் சாப்பிட்டு மடித்துப்போட்ட வாழையிலையும் அதில் இருக்கும். சாம்பலைப் பெரிய தட்டைப் படகில் கொட்டி, மூடி, இரவில் செமாக்காவ் தீவுக்கு இழுத்துப் போகிறார்கள். இருட்டு, கடல், மூடிய படகு! எந்தக் கதாசிரியருக்கு இப்படி ஓர் ஆரம்பம் வாய்க்கும்? குட்டியைப் படகில் ஒளித்துவைக்க எனக்குத் தயக்கமே இல்லை. இந்த ஊர் நீர்நாய்கள் கொண்டோ மீன்குளம் வரை போய் விருந்து சாப்பிட்டவை.

தீவில் இறங்கியதும் அவள் மூக்கைப் பொத்துகிறாள். நாற்றமே இல்லை! செமாக்காவ், சாக்கெங் என்ற இரண்டு தீவுகளை 7 கிலோமீட்டர் நீளக் கரையால் வளைத்து, 1999 முதல் இங்கே சாம்பலை நிரப்புகிறார்கள். சாக்கெங்கில் முன்பு மலாய் மீனவக் குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்களைப் பெருநிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் மட்டும் நகைச்சுவையே வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

கரை கட்டியபோது அலையாத்திக் காடும் அழிந்தது. பதிலுக்கு 13.6 ஹெக்டேரில் ஏறக்குறைய 4 லட்சம் கன்றுகளை நட்டார்கள். குப்பைத் தீவே சதுப்புக்காடு வளர்க்கிறதா என்று கேட்கிறீர்களா? கேளுங்கள், கேளுங்கள்! கரைக்குள்ளே கசிவைத் தடுக்கும் விரிப்பும் களிமண்ணும் உண்டு. அதையும் மீறி ஏதாவது கசிந்தால் முதலில் வாடுவது இந்த மரங்கள்தான். காவல்காரர்களை நட்டு வைத்திருக்கிறார்கள், சம்பளமில்லாமல்.

ஆனால் மரம் ஓடாது, குதிக்காது. சாகசக் கதையில் என்ன செய்வது? அங்கேதான் எனக்குக் குஷி! சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, ஈட்டிபோல நீண்டுவிடும். விழுந்தால் சேற்றில் நட்டுக்கொண்டு நிற்கும். அலை வந்தால் மிதந்து ஊர்சுற்றும். நாயகிக்குத் தோழன் கிடைத்தாயிற்று. சேற்றில் தாவும் மீன்தான் கோமாளி: துடுப்பை ஊன்றி நடக்கும், ஈரத்தோலால் மூச்சும் விடும். குதிரைலாட நண்டு தாத்தா வேடத்துக்கு. அதன் ரத்தம் நீலம் என்றால் குழந்தைகள் கூச்சல் போட மாட்டார்களா?

சரி, வில்லன். குப்பைப் படகு இல்லை, மாலுமி இல்லை. ஓர் எண்: 2035. தீவு நிரம்பிவிடும் என்று கணக்கிடப்பட்டிருக்கும் ஆண்டு. பெரிய அலகுக் கொக்கு கடைசி அத்தியாயத்தில் கேட்கிறது: “இங்கே இடம் தீர்ந்தால் அடுத்து யாருடைய சேறு?” இது வரைக்கும் எழுதிவிட்டேன். கதையில் ஓர் எண்ணை எப்படிப் பயங்கரமாகக் காட்டுவது என்பதுதான் இப்போது வீட்டில் பட்டிமன்றம். 3-க்கு மீசை வைத்துப் பார்த்தோம், பொருந்துகிறது. 0-வை வாயாக்கி விழுங்கவிடலாம் என்று ஒரு கட்சி. 5-க்கு வேடம் இன்னும் கிடைக்கவில்லை.