ஆழ்தலும் ஆழ்த்துதலும்

ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே காட்சி தருவது பாலாறு. நந்தி மலைப் பகுதியில் தோன்றி வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியே செல்லும் இந்த ஆறு, 1903 நவம்பரில் பெருக்கெடுத்து வாணியம்பாடியை நீரில் ஆழ்த்தியது. உயிர்கள் பல மாண்டன. 2021 நவம்பரிலும் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. 'ஆழ்த்தியது' என்னும் இச்சொல்லின் பொருளைச் சிறிது சிந்திப்போம்.

'ஆழ்' என்பது தன்வினை. 'ஆழ்த்து' என்பது அதன் பிறவினை. வீழ் - வீழ்த்து, தாழ் - தாழ்த்து என்பன போன்றது இது. ஒருவன் தானே அமிழ்ந்தால் 'ஆழ்ந்தான்'. பிறிதொன்று அவனை அமிழச் செய்தால் 'ஆழ்த்தியது'. 'ஆழம்' என்னும் சொல்லும் இவ்வேரினின்றே கிளைத்தது.

இக்காலத்தில் நீரைக் குறிக்கும்போது 'மூழ்கடித்தது' என்பதே பெருவழக்கு. 'ஆழ்த்தியது' பெரும்பாலும் மனத்தைப் பற்றியே வருகிறது. 'துயரில் ஆழ்த்தியது', 'வியப்பில் ஆழ்த்தியது' என்கிறோம். கரை கடந்த வெள்ளத்தின்முன் மனிதன் செயலற்று நிற்பதுபோல, மிகுந்த துயரின்முன் உள்ளமும் செயலற்றுப் போவதால் இவ்வழக்கு பொருந்துகிறது.

தானே விரும்பி ஆழ்வதோ வேறு. 'படிப்பில் ஆழ்ந்தான்', 'தியானத்தில் ஆழ்ந்தார்' என்னும்போது அழிவு இல்லை, நிறைவே உண்டு. திருமாலின் குணங்களில் ஆழ்ந்தோர் பன்னிருவரை 'ஆழ்வார்' என்று வைணவ மரபு போற்றுகிறது. கல்வெட்டுகளில் 'ஆள்வார்' என்னும் வடிவமும் காணப்படுதலால், ஆளுதற்பொருளே முந்தையது என்பாரும் உளர். எனினும் ஆழ்தற்பொருளே மக்கள் நெஞ்சில் நிலைத்தது.

இப்பெயரில் ஒரு நயம் உண்டு. ஆழ் + வ் + ஆர் எனப் பிரித்தால், இடையில் நிற்கும் 'வ்' எதிர்கால இடைநிலை. தமிழில் எதிர்காலம் வழக்கமாக நிகழ்வதையும் உணர்த்தும். 'நாள்தோறும் கோயிலுக்குச் செல்வார்' என்பது போல. ஒருமுறை ஆழ்ந்து மீண்டவர் 'ஆழ்ந்தார்' ஆவர். என்றும் ஆழ்ந்துகொண்டே இருப்பவரே 'ஆழ்வார்'. பேயாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருக்கடிகையாகிய சோளிங்கர், வேலூருக்கு அருகிலேயே உள்ளது.

வெள்ளமும் துயரமும் நம்மைக் கேளாமலே ஆழ்த்தும். அவற்றைத் தடுப்பது எப்போதும் நம் கையில் இல்லை. எதில் நாமே ஆழ்வது என்பது நம் கையில் உள்ளது. சன்னிதியில் நிற்கும் சிறுபொழுதேனும் மனம் அலையாமல் ஆழ்வோமாக.