கிருமியைப் பிடித்து நிறுத்தும் புரதம்

எதிர்ப்பொருள் என்பது ரத்தத்திலும் உமிழ்நீர், தாய்ப்பால் போன்ற திரவங்களிலும் இருக்கும் ஒரு புரதம். மருத்துவர்கள் இதை ஆன்டிபாடி என்பார்கள். கவட்டைக் கிளையைப் போல இதற்கு இரண்டு கைகளும் ஒரு தண்டும் உண்டு. கைகளின் நுனி கிருமியின் மேற்பரப்பிலுள்ள ஒரு குறிப்பிட்ட பகுதியில் மட்டுமே பொருந்தும். அந்தப் பகுதிதான் ஆன்டிஜென். தட்டம்மைக்கு எதிரான எதிர்ப்பொருளால் வெறிநாய்க்கடிக் கிருமியை ஒன்றும் செய்ய முடியாது.

எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் பி செல்கள் இவற்றை உருவாக்குகின்றன. ஒவ்வொரு பி செல்லும் ஒரே வகை எதிர்ப்பொருளைத்தான் செய்யும். மனிதனிடம் ஏறத்தாழ 20,000 மரபணுக்களே இருக்க, கோடிக்கணக்கான வகைகள் எப்படிச் சாத்தியம்? செல் வளரும்போது மரபணுத் துண்டுகள் மாறி மாறிச் சேர்வதே காரணம். இதைக் கண்டறிந்த ஜப்பானிய அறிஞர் சுசுமு டொனேகவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது.

எதிர்ப்பொருள் தானாகக் கிருமியைக் கொல்வதில்லை. வைரஸ் நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் பகுதியை மூடிக்கொள்கிறது. பாக்டீரியாவின் நச்சைப் பிடித்து முடக்குகிறது. வெளியே நீட்டி நிற்கும் தண்டு விழுங்கு செல்களை வரவழைக்கிறது. ரத்தத்திலுள்ள வேறு சில புரதங்கள் ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருளை அடையாளமாகக் கொண்டே பாக்டீரியாவின் உறையைத் துளைக்கின்றன. செல்லுக்குள் புகுந்துவிட்ட வைரஸை எதிர்ப்பொருளால் எட்ட முடியாது. தொற்றிய செல்லை அழிப்பது டி செல்களின் வேலை.

எதிர்ப்பொருளின் பெரிய குறை தாமதம். புதிய கிருமி வந்தால் பொருத்தமான பி செல் பெருகிப் போதிய எதிர்ப்பொருளைச் சுரக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். பிறகு நினைவு செல்கள் தங்கிவிடுவதால், அதே கிருமி மீண்டும் வந்தால் சில நாள்களே போதும். நோய் வராமலேயே இந்த நினைவை உண்டாக்குவது தடுப்பூசி.

வெறிநாய் கடித்தவருக்கு அந்த ஒரு வாரம்கூட ஆபத்தானது. அதனால்தான் புண்ணைச் சோப்பும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவியபின், தோல் கிழிந்த கடிகளுக்குத் தடுப்பூசியோடு, தயாராக உள்ள எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினையும் புண்ணைச் சுற்றிச் செலுத்துகிறார்கள். இதைத் தவிர்ப்பது உயிரோடு விளையாடுவதாகும். பிற உயிரின் எதிர்ப்பொருளைக் கடன் வாங்கும் இந்த வழியை 1890இல் பெர்லினில் எமில் வான் பெரிங்கும் கிட்டசாட்டோ ஷிபசபுரோவும் காட்டினார்கள். தொண்டை அடைப்பானுக்கான சீரத்துக்காக (எதிர்ப்பொருள் கொண்ட ரத்தநீர்) பெரிங் 1901இல் மருத்துவத்தின் முதல் நோபல் பரிசைப் பெற்றார். பாம்புக்கடி மருந்தும் இதே வகைதான். குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சைச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளைப் பிரிக்கிறார்கள். அதற்கு வேண்டிய நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நஞ்சைச் சென்னைக்கு அருகே வடநெம்மேலியிலுள்ள இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது.

இயற்கையும் இப்படிக் கடன் கொடுக்கிறது. தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே கருவுக்குச் செல்கிறது. பிறந்தபின் சீம்பால் குடலுக்குக் காவல் தருகிறது. அதைப் பீய்ச்சிக் கொட்டிவிடுவது குழந்தைக்குப் பெரும் இழப்பு. ரத்தத்தில் வந்த தாயின் எதிர்ப்பொருள் சில மாதங்களில் குறைந்துவிடும். அது மிகுந்திருக்கும்போது போடும் தட்டம்மைத் தடுப்பூசியை அதுவே முடக்கிவிடக்கூடும் என்பதால், இந்தியாவில் அந்த ஊசியின் முதல் தவணை 9 மாதம் நிறைந்தபின் போடப்படுகிறது.