வெள்ளம் கடந்த பிக்கப்

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் பழையதே போதும் என்றாகிவிடும். ஆகவே வட்டக்கச்சியிலும் முத்தையன்கட்டிலும் காலபோக நெல்லை ஏற்ற இருபது, முப்பது வயதுப் பிக்கப்புகள் இன்னும் இறங்குகின்றன. எஞ்சினுக்குக் கவனிப்பு உண்டு. பின் அச்சு சத்தம் போட்டால்தான் யாராவது குனிந்து பார்ப்பார்கள்.

அந்த அச்சுக்கூட்டின் மேல் பிறீதர் என்ற சிறு துண்டு இருக்கிறது. ஓட்டத்தில் சூடாகி விரியும் காற்று அதன் வழியே வெளியேறும். கிரவல் வீதிப் புழுதியும் மாரிச் சேறும் அதை அடைத்துவிட்டால் அமுக்கம் வேறு வழி தேடும். கியர் ஒயிலைத் தேய்ந்த சீலைத் தாண்டித் தள்ளிவிடும். சீலுக்கு அப்பால் பிரேக் ட்ரம்; அதற்குள் இருக்கும் பிரேக் சூ ஒயிலில் நனையும். சூவை மட்டும் மாற்றினால் புதுச் சூவும் நனையும். ஒயில் குடித்த சூவைப் பெற்றோலில் கழுவி மாட்டுவதும் வீண்; ஊறியது முழுதாக வெளியே வராது.

எதிர்த்திசையிலும் கசிவு நடக்கும். வட்டுவாகல் பாலத்தை வெள்ளம் மூடும் நாளில் போகாதிருப்பதே புத்தி. என்றாலும் மாரியில் தண்ணீர் மிதிக்காத வண்டி வன்னியில் ஏது? 80 பாகை செல்சியஸில் இருக்கும் அச்சு 28 பாகைத் தண்ணீரில் இறங்கினால், உள்ளிருக்கும் காற்று ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு சுருங்கப் பார்க்கும். பிறீதரும் அடைபட்டிருந்தால் சீல் விளிம்பால் தண்ணீரை இழுக்கும். ஒயில் பால்தேநீர் நிறமாகும். பெயாரிங்கில் துரு பிடிக்கும். நந்திக்கடல் உவர்நீரென்றால் துரு இன்னும் விரைவு.

தண்ணீரில் இறங்கி வந்தால் ஒயிலைப் பாருங்கள். ஆனால் கீழ்ப் பூட்டைத் திறக்குமுன் ஒயில் ஊற்றும் மேல்பூட்டு கழலுகிறதா என்று பார்த்துவிடுங்கள். அது இறுகிக் கிடந்தால், ஒயிலை இறக்கியபின் திரும்ப ஊற்ற வழியில்லை. பிறீதரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவலாம். குழாய் இணைத்து அதன் வாயைச் சட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டுவது இன்னும் நல்லது, செலவும் சொற்பம்.

மூட்டை கூட ஏற்றவென்று பின் வில்லில் தகடு சேர்ப்பவர்களுக்கும் ஒன்று. பல பிக்கப்புகளில் அச்சிலிருந்து ஒரு கம்பி சட்டத்திலுள்ள வால்வுக்குப் போகும். பாரத்தில் வண்டி தாழ்ந்தால் அந்த வால்வு பின் பிரேக்குக்கு அமுக்கத்தைக் கூட்டும். தகடு சேர்த்த வண்டி அவ்வளவாகத் தாழாது. நெல் நிறைந்திருந்தாலும் வெறும் வண்டி என்றே வால்வு கணக்குப் போடும். பின் சக்கரங்கள் சோம்பும், முன் பிரேக் காயும். வில்லை மாற்றினால் கம்பியின் நீளத்தையும் தயாரிப்பாளர் கையேட்டின்படி திரும்பச் சரிசெய்ய வேண்டும்.