கிராமத்தின் பாத்தியதை

கல்கத்தாவிலிருந்து டைமண்ட் ஹார்பருக்குப் போடப்பட்ட தந்திக் கம்பி 1851-ஆம் வருஷத்தில் கம்பெனியாரின் உபயோகத்திற்காகத் திறக்கப்பட்டது. பொது ஜனங்களுக்கு அவ்வசதி கிட்டியது பின்னரே. அன்னிய ஆட்சியில் அவ்வாறு நடந்ததில் வியப்பொன்றுமில்லை. ஆனால் அவ்வாட்சி ஒழிந்து முக்கால் நூற்றாண்டு கடந்த பிறகும், செய்திக் கம்பி பட்டணத்துக்கு முந்தியும் பட்டிக்காட்டுக்குப் பிந்தியும் வருமாயின், அதை யார்மேல் சுமத்துவது?

நாட்டிலுள்ள ஏறக்குறைய 2½ லட்சம் கிராமப் பஞ்சாயத்துக்களுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுசெல்லும் திட்டத்தை 2011 அக்டோபரில் மத்திய மந்திரி சபை அங்கீகரித்தது. செலவு சுமார் 20,000 கோடி ரூபாய் என்றும், வேலை இரண்டே வருஷத்தில் முடியும் என்றும் சொன்னார்கள். முதல் ஒரு லட்சம் பஞ்சாயத்துக்கள் முடிந்ததே 2017 டிசம்பரில்தான். 2020 சுதந்திர தினத்தன்று பிரதம மந்திரி, 6 லட்சம் கிராமங்களுக்கும் 1,000 நாட்களில் கம்பி போய்ச் சேரும் என்று செங்கோட்டையிலிருந்து வாக்களித்தார். அந்நாட்கள் 2023 மே மாதத்தில் கழிந்தன. அவ்வருஷம் ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்குத் திருத்தியதொரு திட்டம் அங்கீகாரம் பெற்றது.

தாமதத்திற்குக் காரணம் என்ன? மயிரிழை போன்ற கண்ணாடியினூடே ஒளி பாய்ந்து செய்தியைச் சுமந்து செல்கிறது. செப்புக் கம்பியில் தூரம் செல்லச் செல்லச் செய்தி நலிந்துபோகும். கண்ணாடி இழையிலோ பல மைல் சென்றும் அது அவ்வளவாக நலிவதில்லை. ஆகையால் தூரத்திலுள்ள கிராமத்திற்கே இது மிகவும் ஏற்றது. குறை கம்பியில் இல்லை. அதைப் போட்ட முறையில் இருக்கிறது. பல இடங்களில் ஒற்றை வரிசையாகப் போட்டதால், சாலை வேலைக்காரர் ஓரிடத்தில் வெட்டினால் அதற்கப்பாலுள்ள ஊர்களெல்லாம் இருளில் மூழ்கின. பழுது பார்ப்பதற்குப் பொறுப்பாளி இல்லை. மேலும், பஞ்சாயத்துக் காரியாலயத்தின் சுவரோடு கம்பி நின்றுவிட்டது, வீடுகளுக்குள் புகவில்லை. புதிய திட்டத்தில் கம்பி வளையமாக அமையும். ஒருபுறம் அறுந்தால் மறுபுறமாகச் செய்தி ஓடும். பத்து வருஷப் பராமரிப்பும் அதில் சேர்ந்திருக்கிறது. இது நல்ல திருத்தமே, நிறைவேறினால்தான் பயன்.

'கையில் செல்போன் இருக்கையில் கம்பி எதற்கு?' என்பார் உளர். செல்போன் கோபுரத்துக்கே கண்ணாடி இழை தேவை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2024-ல் பட்டணங்களில் 100 பேருக்கு 120-க்கு மேற்பட்ட டெலிபோன் இணைப்புகள் இருக்க, கிராமங்களில் 60 கூட இல்லை. ஒரு சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடந்து ஒருநாள் கூலியை இழப்பவனைக் கேளுங்கள். கம்பி எதற்கென்று அவன் சொல்லுவான்.

லங்காஷயர் என்றதும் நம் நெசவாளரின் வயிற்றிலடித்த மில் துணிதான் நினைவுக்கு வரும். இன்று அதே ஜில்லாவின் கிராமத்தார் நமக்கொரு பாடம் கற்பிக்கிறார்கள். லாபமில்லையென்று பெரிய கம்பெனிகள் ஒதுங்கிய ஊர்களில் அவர்கள் 2011-ல் ஒரு சங்கம் கூட்டினார்கள்; பங்கு சேர்த்தார்கள்; நிலக்காரர் வயல் வழியாக இலவசமாய்ப் பாதை விட்டார்கள்; தாங்களே பள்ளம் தோண்டிக் கம்பி புதைத்தார்கள். அண்டையிலுள்ள கேரளத்திலோ, ராஜ்ய சர்க்கார் 2023 ஜூனில் தன் சொந்தக் கம்பி வலையைத் திறந்து, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற லட்சியத்தை மேற்கொண்டது.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 12,500 கிராமப் பஞ்சாயத்துக்கள் உள்ளன. அவற்றை இணைக்கும் பொறுப்பு டான்பிநெட் கழகத்தினுடையது. நம் ஊழியர்கள் கிராமசபை கூடும் நாளில் எழுந்து கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: கம்பி வந்துவிட்டதா? கருவி இயங்குகிறதா? எத்தனை வீடுகளுக்கு இணைப்பு? அறுந்தால் எத்தனை நாளில், யார் சரி செய்வது? விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள்.

இது யாசகமன்று. டெலிபோன் கம்பெனிகளின் வருமானத்தில் 100-க்கு 5 வீதம் 2002 முதல் இதற்கென்றே ஒரு நிதியில் சேர்ந்து வருகிறது. கம்பெனிகளுக்குக் கிராமத்தான் கட்டும் பணமும் அதில் அடக்கம். தன் பணத்தில் போட்ட கம்பி தன் வாசலுக்கு வரவேண்டும் என்று அவன் கேட்பது அவனுடைய பாத்தியதை. அதைக் கேட்க அவனுக்குத் துணை நிற்பதே தேச ஊழியரின் கடமை.