கல் சுமக்க வரும் விருந்தாளிகள்

ஐஸ்லாந்துத் தீவின் தென்கிழக்கே ஸ்காஃப்டாஃபெல் என்னுமிடத்தில் ஓர் அருவி உண்டு. உயரம் சுமார் 20 மீட்டர்தான். ஆனாலும் பல நாட்டு மக்கள் அதைத் தேடி வருகிறார்கள். அவர்களை இழுப்பது நீரல்ல. நீருக்குப் பின்னால் நிற்கும் பாறை. யாரோ தச்சர் செதுக்கி அடுக்கியதுபோல் கரிய தூண்கள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலானவை அறுகோணத் தூண்கள். அருவியின் பெயர் ஸ்வார்டிஃபோஸ், அதாவது 'கரிய அருவி'.

இத்தூண்களை உண்டாக்கிய தச்சர், வெப்பம். எரிமலைக் குழம்பு குளிரும்போது சுருங்குகிறது, சுருங்கும்போது வெடிக்கிறது. வற்றிய ஏரியில் சேறு பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதே விதிதான். குழம்பு மேலிருந்து உள்நோக்கிக் குளிரக் குளிர, வெடிப்புகளும் உள்நோக்கி இறங்கித் தூண்களாகின்றன.

பாறை உறுதியானது. அதை அடையும் வழியோ அப்படியல்ல. 2010ஆம் ஆண்டில் ஐஸ்லாந்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 5 லட்சத்துக்கும் குறைவு. 2018இல் 23 லட்சத்துக்கும் அதிகம். தீவின் மக்கள்தொகையே ஏறத்தாழ 4 லட்சம்தான்! இத்தனை கால்களும் மிதிப்பது எரிமலைச் சாம்பலால் ஆன மண்ணை. அதில் ஒட்டும் தன்மையுள்ள களிமண் குறைவு. நீரை மட்டும் ஏராளமாக உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் 100க்கு 9 பங்கு கூடுமென்று படித்திருக்கிறீர்கள். குளிர்காலத்தில் அது மண்ணைத் தூக்கிப் பொலபொலவென்று ஆக்கிவிடுகிறது. வசந்தத்தில் உருகினால் ஒரே சேறு.

சேற்றைக் கண்ட முதல் ஆள் செருப்பு நனையாமல் ஓரமாக நடக்கிறார். அடுத்தவர் அவருக்கும் ஓரமாக. புல்லும் பாசியும் நசுங்க, பாதை அகலமாகிறது. மழைநீர் அதையே வாய்க்காலாக்கிக்கொண்டு மண்ணை அரித்துச் செல்கிறது. அந்தக் குளிரில் பாசி மீண்டும் மூடப் பல பத்தாண்டுகள் வேண்டும். மண்ணை இழப்பது அந்நாட்டுக்குப் புதிதல்ல. 9ஆம் நூற்றாண்டில் மக்கள் குடியேறியபோது தீவில் கால் பங்குக்கு மேல் பிர்ச் மரக்காடு இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். கோடரியும் ஆடுகளும் சேர்ந்து அதை 100க்கு 2 பங்குக்கும் கீழே கொண்டுவந்துவிட்டன.

இங்கேதான் தொண்டர் முகாம் வருகிறது. ஸ்காஃப்டாஃபெல் உள்ளிட்ட ஐஸ்லாந்துப் பூங்காக்களில் கோடைகாலத்தில் வெளிநாட்டு இளைஞர்கள் பாதை வேலை செய்து வந்திருக்கிறார்கள். வேலை, சொல்லப்போனால், கல் சுமப்பதுதான். ஆனால் கணக்கறிந்து சுமக்க வேண்டும். படிக்கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். மேலே தெரிவது கொஞ்சமே. ஏறி நின்று ஆட்டிப் பார்ப்பார்கள். துளி அசைந்தாலும் பெயர்த்து மறுபடி பதிப்பார்கள். பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கற்களை நட்டு, ஓடிவரும் நீரை ஓரத்துக்குத் திருப்புவார்கள். படியின் உயரம் கூடிவிட்டால் மக்கள் மறுபடி புல்லில் இறங்கி நடப்பார்கள். ஆகவே மனிதரின் சோம்பலையும் கணக்கில் சேர்த்தே கல் பதிக்க வேண்டும்!

இத்தகைய முகாம்களுக்கு வித்திட்டவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் பியேர் செரசோல். 1920இல், முதல் உலகப் போரில் சிதைந்த வெர்டன் அருகிலுள்ள எஸ்ன் கிராமத்தை மீண்டும் கட்ட ஒரு சிறு குழுவை அழைத்துச் சென்றார். அதில் ஜெர்மானியரும் இருந்தனர். நேற்றைய எதிரி நம் வீட்டைக் கட்டுவதா என்று எதிர்ப்பு எழுந்ததால் சில மாதங்களில் வேலை நின்றது. அவர் விடவில்லை. 1934இல் பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் நம் நாட்டுக்கும் வந்து கிராமங்களைக் கட்ட உதவினார்.

கூலியில்லா உழைப்பைப் பற்றி ஐயம் கொள்வோரும் உண்டு. லாபம் தேடும் விடுதியும் பண்ணையும் 'தொண்டர்' என்ற பெயரில் இலவச ஆள் பிடிப்பதை ஐஸ்லாந்துத் தொழிற்சங்கங்கள் கண்டித்திருக்கின்றன. அது நியாயமான கண்டனமே. முகாமுக்குச் செல்வோர், தம் வேலையால் பயன்பெறுவது யார் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

பெரும்பாலான முகாம்களில் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். உணவும் இடமும் அவர்கள் பொறுப்பு, பயணச்செலவு நம்முடையது. இரண்டு மூன்று வாரம், பத்துப் பதினைந்து பேர், முறைவைத்துச் சமையல். கடைசி நாட்களில் பெரும்பாலும் ஒரு விந்தையான வேலை: பழைய குறுக்கு வழிகளை மறைப்பது. புல்லோடு வெட்டியெடுத்த மண்பாளங்களைப் பரப்பி, நடுவே ஒழுங்கின்றிக் கற்களைப் போட்டுவிடுவார்கள். அங்கே ஒரு வழி இருந்ததென்று அடுத்த ஆண்டு வருபவருக்குத் தெரியாது.