கிண்ணியாவிலிருந்து எரிகோ வீதி: சீடர் என்பவர் யார்?

கிண்ணியாப் பாலத்தை இன்று ஓரிரு நிமிடங்களில் கடந்துவிடலாம். 396 மீற்றர் நீளமான இந்தப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும்வரை, திருகோணமலைப் பக்கம் போகவேண்டியவர்கள் படகுப்பாதைக்காகக் காத்துக்கிடந்தார்கள். கிண்ணியா முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ஆலங்கேணி, ஈச்சந்தீவு போன்ற தமிழ்க் கிராமங்கள் அதன் அருகிலேயே இருக்கின்றன. ஒரே சந்தையில் மீன் வாங்குகிறவர்கள்தான். ஆனால் போர்க்காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒவ்வொரு சமூகத்திடமும் வேறொரு கதை இருக்கிறது.

இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு நற்செய்தியை வாசிக்கும் கிறிஸ்தவருக்குச் 'சீடத்துவம்' என்ற சொல் எதைக் குறிக்கும்? சீடர் என்பதற்கு மூல கிரேக்கத்தில் உள்ள சொல்லின் பொருள் 'கற்றுக்கொள்பவர்'. திருமுழுக்குப் பெற்றவர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர் என்பதோடு அது முடிவதில்லை. குருவின் பின்னால் நடந்து, அவர் வழியைத் தன் வழியாக்கிக்கொள்கிறவரே சீடர்.

இயேசுவின் சீடர்களுக்கே அது எளிதாக வரவில்லை. லூக்கா நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் ஒரு சமாரியக் கிராமம் இயேசுவை ஏற்க மறுக்கிறது. மீனவர்களான யாக்கோபும் யோவானும், வானத்திலிருந்து நெருப்பை வரவழைத்து அந்த ஊரை அழிக்கட்டுமா என்று கேட்கிறார்கள். இயேசு கடிந்துகொள்வது ஊரவர்களை அல்ல, தன் சீடர்களை.

அவர்களின் கோபத்துக்கு வரலாறு இருந்தது. யூதரும் சமாரியரும் ஒரே மூதாதையரைச் சொல்லிக்கொண்டவர்கள்; மோசேயின் சட்டம் இருவருக்கும் வேதம். ஆனால் கெரிசிம் மலையிலிருந்த சமாரியரின் ஆலயத்தை யூத ஆட்சியாளர் ஒருவர் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அழித்தார். பின்னாளில் சமாரியர் சிலர் எருசலேம் ஆலயத்தில் மனித எலும்புகளை வீசித் தீட்டுப்படுத்தியதாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதினார். இரு தரப்பிடமும் காயங்களின் பட்டியல் இருந்தது.

நம்மிடமும் இருக்கிறது. 1990 ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் 12ஆம் திகதி வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள்.

இந்தப் பின்னணியோடு அடுத்த அதிகாரத்துக்கு வந்தால் நல்ல சமாரியர் உவமை வேறு மாதிரி ஒலிக்கிறது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வீதியில் ஒருவர் கள்வரால் அடிபட்டுக் கிடக்கிறார். குருவும் லேவியரும் விலகிப் போகிறார்கள். வீதியோரம் கிடந்த உடலைக் கண்டும் நிற்கப் பயந்து நடந்த அனுபவம் உள்ள நமக்கு அவர்களின் பயம் புரியும். நின்று காயத்தைக் கட்டுகிறவர் சமாரியர். சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியம், அதாவது ஒரு கூலியாளின் இரண்டு நாள் கூலியைக் கொடுத்து, மிச்சச் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்கிறார்.

'மற்றச் சமூகத்தவருக்கும் உதவுங்கள்' என்பதாக மட்டும் இந்தக் கதையை நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அதில் உதவுகிறவர் இடத்தில் நாமே இருக்கிறோம். இயேசுவின் கதையில் கேட்பவரின் ஆள் அடிபட்டுக் கிடக்கிறார். காப்பாற்றுகிறவர் கேட்பவர் வெறுக்கிற ஆள். என் அயலவர் யார் என்ற கேள்வியை இயேசு, அடிபட்டவருக்கு அயலவராக நடந்துகொண்டவர் யார் என்று திருப்பிக் கேட்கிறார். தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவர் அந்தக் கதையில் சமாரியரின் இடத்தில் ஒரு முஸ்லிமை வைத்து வாசித்தால்தான் அன்று கேட்டவர்களுக்கு எவ்வளவு சுட்டிருக்கும் என்பது விளங்கும்.

இதை வாழ்ந்து காட்டியவர்களும் கிழக்கில் இருந்தார்கள். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1948இல் இலங்கைக்கு வந்த இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட், மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் பணியாற்றினார். காத்தான்குடிக்கும் வீரமுனைக்கும் பிந்திய அந்த நாட்களில், வாழைச்சேனையில் சிக்கியிருந்த கன்னியர்களுக்கு உதவப் போனார். 1990 ஓகஸ்ட் 15 அன்று ஒரு தமிழ் இளைஞருடன் ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. அவருக்கு அப்போது 66 வயது.

அயலவரை நேசிப்பது என்றால் நடந்ததை மறப்பது என்று சிலர் போதிக்கிறார்கள். லூக்கா அப்படிச் சொல்லவில்லை. அதே நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், நீதி தராத நடுவரை விடாமல் போய்த் தொந்தரவு செய்கிற கைம்பெண்ணை இயேசு முன்மாதிரியாகக் காட்டுகிறார். 2017 முதல் வீதியோரக் கொட்டில்களில் இருந்து தங்கள் பிள்ளைகளைக் கேட்கும் தாய்மாருக்கு அந்தப் பெண்ணை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

ஆகவே சீடருக்கு இரண்டு பாடங்களும் சேர்ந்தே வருகின்றன: காணாமற்போன தன் பிள்ளைக்காக நீதி கேட்பது, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாயின் இழப்பையும் அதே அளவு இழப்பாக ஏற்பது. இரண்டாவதைச் செய்வதால் முதலாவது கோரிக்கை பலவீனப்படாது. திருவிவிய வகுப்புகளில் இந்த உவமையை அடுத்தமுறை எடுக்கும்போது, சமாரியர் எந்த ஊர்க்காரர் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.