அலைக்கோட்டிலிருந்து எழுத்துக்கு

ஆறு மணி நேர கேமிங் ஸ்ட்ரீமை இருபது நிமிட வீடியோவாக்கும் வேலையில் வெட்டி ஒட்டுவது கொஞ்சம்தான், பெரும்பாடு தேடுவதில்தான். அந்தக் கதவை எப்போது திறந்தான், கூட்டாளி எப்போது காலை வாரினான் என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். இப்போது ஆட்டக்காரர் பேசியதெல்லாம் எழுத்தாகவே கைக்கு வந்துவிடுகிறது. வேலை வேகமாகிவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். தேடும் வழி மாறியதில் எதைத் தேடுகிறோம் என்பதே மாறிவிட்டது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

ஆரம்பத்தில் நீளத்துக்கே இடமில்லை. 2006 முதல் 2010 வரை யூடியூபில் சாதாரணக் கணக்குக்கு 10 நிமிடம்தான் எல்லை. பிறகு 15 ஆனது. ஃப்ராப்ஸ் என்ற மென்பொருளில் ஆட்டத்தைப் பதிவு செய்தால் கோப்பு 4 ஜிபியைத் தொட்டதும் அதை மூடிவிட்டு அடுத்ததைத் தொடங்கும். சில நிமிட ஆட்டத்துக்கே அவ்வளவு இடம் பிடிக்கும். ஒரே கேமைப் பகுதி பகுதியாக ஏற்றினார்கள். 2011-இல் நேரலைத் தளமான ட்விட்ச் வந்தது, அடுத்த ஆண்டு ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. நேரலைகள் மணிக்கணக்கில் நீண்டன. நேரலையில் உட்கார முடியாதவர்களுக்குச் சுருக்கம் தேவைப்பட்டது, அதற்கு எடிட்டர்கள் தேவைப்பட்டார்கள்.

முழுவதையும் பார்க்க நேரமும் கிடையாது, அதற்கேற்ற கூலியும் கிடையாது. இரட்டை வேகத்தில் ஓட்டினாலும் மூன்று மணி நேரம் போய்விடும். அதனால் டைம்லைனில் ஒலியின் அலைக்கோட்டைப் பார்த்தே வேலை நடந்தது. கோடு தட்டையாகக் கிடந்தால் பேச்சில்லை. திடீரென்று உயர்ந்தால் யாரோ கத்தியிருக்கிறார்கள். அங்கே ஒரு மார்க்கர். பழகிய கண்ணுக்குச் சிரிப்பும் அலறலும் தனித்தனியாகத் தெரியும்: அலறல் ஒரே கட்டியாக நிற்கும், சிரிப்பு சீப்பின் பற்கள் மாதிரி வரிசையாக எழும்பி இறங்கும். அந்தக் கண் பழக்கத்தை இன்றும் மதிக்கிறேன். ஆனால் அது கத்தலைத்தான் கண்டுபிடித்தது. மெதுவான குரலில் போட்ட திட்டம், போகிற போக்கில் சொன்ன நல்ல கிண்டல் எல்லாம் தட்டைக் கோட்டுக்குள் புதைந்து போயின. கத்தினால்தான் தொகுப்பில் இடம் கிடைக்கும் என்று ஆடுகிறவர்களும் புரிந்துகொண்டார்கள்; அந்தக் காலத்து கேமிங் வீடியோக்களின் ஓயாத கூச்சலுக்கு அலைக்கோடும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

பேட்டியை எழுத்தாக்கி, தாளில் கோடு போட்டு, எதை வைப்பது என்று முடிவு செய்வது ஆவணப்படக்காரர்களின் பழைய பழக்கம். ஆனால் ஆறு மணி நேர மைன்கிராஃப்ட் அரட்டையை உட்கார்ந்து தட்டச்சு செய்ய யார் வருவார்கள்? பேச்சைத் தானே எழுத்தாக்கும் டிஸ்கிரிப்ட் மென்பொருள் 2020-இல் அந்த வழியை வீடியோவுக்குக் கொண்டுவந்தது. 2022 செப்டம்பரில் ஓபன்ஏஐ, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பரை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டது. 6,80,000 மணி நேர ஒலியில் பயிற்றுவித்த மாடல், தமிழும் தெரியும். கேம் ஓடுகிற அதே கிராஃபிக்ஸ் கார்டிலேயே ஓடும், தனிச்செலவில்லை. 2023-இல் பிரீமியர் ப்ரோவும் டாவின்சி ரிசால்வும் எழுத்தைப் பார்த்து வெட்டும் வசதியைத் தந்தன. ஒவ்வொரு சொல்லோடும் அதன் நேரக்குறி ஒட்டியிருக்கும். பத்தியை அழித்தால் டைம்லைனில் அந்தத் துண்டும் போய்விடும்.

நாலு நண்பர்கள் மைன்கிராஃப்ட் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மணி நேரத்தில் ஒருவன், "இந்தப் பாலத்துக்குக் கைப்பிடி வெச்சிரலாம்டா" என்கிறான். யாரும் கண்டுகொள்வதில்லை. நாலாவது மணி நேரத்தில் அவனே வைரக் கவசத்தோடு அந்தப் பாலத்திலிருந்து லாவாவில் விழுகிறான். அலைக்கோடு விழுந்த அலறலை மட்டும்தான் காட்டும். எழுத்தில் தேடினால் இரண்டு இடமும் கிடைக்கும். முதல் வரியை முன்னால் வைத்துவிட்டால் அந்த அலறலுக்கு ஒரு கதை வந்துவிடுகிறது. எழுத்து வந்த பிறகு பல வீடியோக்களில் இந்த முன்கதை சேர்ந்திருப்பதைப் பார்க்கிறேன், அது உண்மையான வளர்ச்சி.

தமிழில் தேடுவதற்குக் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும். 'பாலம்' என்று தேடினால் 'பாலத்துக்கு', 'பாலத்துல' எதுவும் சிக்காது; 'பால' என்று நிறுத்திக்கொள்ள வேண்டும், அப்போது வாளியில் கறந்த பாலும் கூடவே வந்து நிற்கும். 'ரிவைவ்' ஒரே ஸ்ட்ரீமில் 'ரீவைவ்', 'ரிவைவு' என்று வேறுவேறு உருவில் வரும். ஆட்டக்காரர்களின் பட்டப்பெயர்கள் இன்னும் மோசம். தேடுவதற்கு முன் இவற்றைத் திருத்தி ஒரே மாதிரியாக்குவதே ஒரு வேலை. மைக்கைத் தனி டிராக்கில் பதிவு செய்யாவிட்டால் கேமின் கதாபாத்திரங்கள் பேசுவதும் ஆடுகிறவர் பேசுவதும் ஒரே பத்தியில் கலந்துவிடும். ஓபிஎஸ்ஸில் ஆறு டிராக் வரை பிரிக்கலாம். அந்தச் சின்ன டிக்கைப் போட மறந்த ஸ்ட்ரீமை எழுத்தால் பெரிதாகக் காப்பாற்ற முடியாது.

எழுத்துக்கும் ஒரு குருட்டுத்தனம் உண்டு. எல்டன் ரிங்கில் மலேனியாவை எதிர்த்து நிற்பவர் பேசமாட்டார். தன் அடி விழும்போதெல்லாம் அவள் இழந்த உயிரை மீட்டுக்கொள்கிறவள். அவள் கத்தியோடு மேலே எழும்பும்போது வாயைத் திறக்க நேரம் ஏது? கன்ட்ரோலரின் சொடுக்குச் சத்தமும் மூச்சும்தான் இருக்கும். எழுத்தில் அந்த நிமிடங்கள் வெறும் இடைவெளி. மௌனத்தை நீக்கும் பொத்தானை அழுத்தினால் அந்த ஸ்ட்ரீமின் உயிரே ஒரு நொடியில் போய்விடும். விஸ்பர் இன்னும் ஒரு படி மேலே போய், யாருமே பேசாத இடத்தில் 'பார்த்ததற்கு நன்றி' போன்ற வரியைத் தானாக எழுதி வைக்கும். சொல்லுக்குச் சொல் வெட்டுவதில் கேமின் பின்னணி இசை தாளத்தின் நடுவில் துள்ளுவது வேறு. வாக்கியம் சரியாக இருக்கும், காது உறுத்தும்.

அதனால் எழுத்தை முதல் தேர்வுக்கு மட்டும் நம்புகிறேன். வைக்க வேண்டியதைக் குறித்தபின், அது வெறுமையாக விட்ட இடங்களை அலைக்கோட்டில் திறக்க வேண்டும். அங்கேயும் ஒன்றும் அசையாத இடங்கள் மிஞ்சினால், அவற்றைத் திரையில், சாதாரண வேகத்தில் பார்ப்பதைத் தவிர வழியில்லை. நீளமான ஸ்ட்ரீமில் அது ஒரு மணி நேரம்கூடத் தேறும். எழுத்து இருக்கிறதே, காலையில் கொடுத்தால் மதியம் தந்துவிடலாமே என்று கேட்கிறவர்களிடம், அந்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்தே கூலி பேச வேண்டியிருக்கிறது.